பல வருடம் ப்ரெவே ஓட்டிய பிறகு: எது ஒட்டியது, எது ஒட்டவில்லை

சுய ஒழுக்கம் வர ஏதாவது ஒரு சவாலை எடுத்துக்கொள் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பாதியில் விட்டால் என்ன ஆகும்? ஒரு சவாலின் குணம் அதில்தான் தெரியும். ஆண்டி ஃபிரிசெல்லா என்ற அமெரிக்கர் 2019இல் தொடங்கிவைத்த ‘75 ஹார்ட்’டைப் பாருங்கள். 75 நாளும் தலா 45 நிமிடம் இரண்டு வேளை உடற்பயிற்சி, அதில் ஒரு வேளை வெட்டவெளியில். நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், பத்துப் பக்கம் படிப்பு, உணவுக் கட்டுப்பாடு, மது கூடாது, தினம் ஒரு புகைப்படம். இதில் ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதல் நாளில் இருந்து. என் அலுவலகத்தில் இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருவருக்கு வைரல் காய்ச்சல் வந்தது, இன்னொருவருக்கு மைத்துனர் கல்யாணம் வந்தது. அத்தோடு கதை முடிந்தது. இருவருமே சோம்பேறிகள் இல்லை. காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் இடம் கொடுக்காத கணக்கு நம் வீடுகளில் செல்லாது, அவ்வளவுதான்.

நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேறு ஒன்று. ப்ரெவே என்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம், பி.ஆர்.எம். என்றும் சொல்வார்கள். பிறந்த இடம் பிரான்ஸ். அங்கே இருக்கும் ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன்தான் உலகம் முழுக்க நடக்கும் இந்தப் பயணங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. இங்கே ஆடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ் அமைப்பின் கீழ் சென்னை, கோவை உட்படப் பல ஊர்க் குழுக்கள் நடத்துகின்றன. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. அதற்குள் முடித்தால் போதும். யார் முதலில் வந்தது என்ற பேச்சே கிடையாது. மெடல் வேண்டுமென்றால் நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நவம்பர் 1 முதல் அடுத்த அக்டோபர் 31 வரையான ஒரு சீசனுக்குள் இந்த நான்கு தூரத்தையும் முடித்தவருக்கு சூப்பர் ரான்டனர் என்று பெயர்.

மேல்மருவத்தூர் தாண்டி ஒரு டீக்கடை. ஒளிரும் ஜாக்கெட், ஹெல்மெட், பளிச் விளக்கு சகிதமாக நின்றவனைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க தம்பி, இந்த வேஷத்துல?”

“மெட்ராஸ்ல இருந்து விழுப்புரம் போயிட்டுத் திரும்பணும்ணே.”

“ஜெயிச்சா எவ்ளோ தருவாங்க?”

“ஒண்ணும் தர மாட்டாங்கண்ணே. நாமதான் பணம் கட்டிட்டு வரணும்.”

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டீயில் சர்க்கரையை மட்டும் ஒரு ஸ்பூன் கூடப் போட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சவாலின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. கெடு எல்லாமே ஏறத்தாழ மணிக்கு 15 கி.மீ. என்ற வேகத்தில் போட்டது. 200ஐ 15ஆல் வகுத்தால் 13 மணி 20 நிமிடம்தான் வரும். மேலே ஒரு பத்து நிமிடம் கருணை. 15 என்பது பெரிய வேகமே இல்லை. ஓரளவு பழகியவர் சமதரையில் 20இல் ஓட்டுவார். 300 கி.மீ.யை 20இல் ஓட்டினால் 15 மணி நேரம் பெடல், மீதி 5 மணி நேரம் கையில். அந்த ஐந்து மணி எங்கே போகிறது என்பதுதான் முழுச் சூட்சுமமும். ஓட்டலில் தோசை வர 20 நிமிடம், கை கழுவி பில் கட்ட 10, வெளியே வந்து செல்போன் பார்த்தபடி யாருக்காகவோ காத்திருக்க 15. வேகத்தைக் கூட்டி இதை ஈடுகட்டலாம் என்று நினைத்தால் அடுத்த 50 கி.மீ.யில் தொடை பிடித்துக்கொள்ளும். மெதுவாகப் போகிறவர்கள் முடித்துவிடுவதையும், வேகமாகப் போய் ஒவ்வொரு இடத்திலும் சாவகாசமாக உட்கார்ந்தவர்கள் கடைசி 40 கி.மீ.யில் முழி பிதுங்குவதையும் ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

நடுவில் கன்ட்ரோல்கள், அதாவது நாம் வந்து போனதைப் பதியும் இடங்கள், வேறு இருக்கும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 100ஆவது கி.மீ.யில் உள்ள கன்ட்ரோல் 12.40க்கு மூடிவிடும். அதற்குள் போய், கிளம்பும்போது கொடுத்த பயணக் கார்டில் முத்திரையும் நேரமும் வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடம் என்றால் ஏடிஎம் சீட்டோ பெட்ரோல் பங்க் பில்லோ சாட்சி. சில சமயம் முன்கூட்டிச் சொல்லாத ரகசிய கன்ட்ரோலும் வைப்பார்கள். வியர்வையில் நனைந்த கார்டை விரித்து எடுத்து, நேரத்தை எழுதச் சொல்லி நீட்டும்போது பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் ஞாபகம் வராதவர் இருக்க மாட்டார். நம் கணக்குப் பிள்ளை மூளைக்கு இது ரொம்பப் பிடிக்கும். 600 என்ற மலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்த முத்திரை எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான் கேள்வி.

எனக்கு இதில் ஒட்டிய முதல் பழக்கம் இதுதான். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்பவன். எங்களுக்கு செப்டம்பர் 30 என்றால் வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு. முன்பெல்லாம் செப்டம்பர் இரண்டாவது வாரம் வரை ஓடாமல் கடைசிப் பத்து நாள் பேயாட்டம் ஆடுவோம். இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஜூலையில் இருந்து நடுவழிக் கெடு போட்டுவைக்கிறேன். வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்து முடிக்க ஒரு தேதி, சரக்கு இருப்புக்கு ஒரு தேதி, வாடிக்கையாளரிடம் விளக்கம் வாங்க ஒரு தேதி. அதைவிட முக்கியம், கோப்பு யார் மேஜையிலாவது சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பது. வேலையே நடக்காத நேரம்தான் நாளைத் தின்கிறது, மெதுவாக நடக்கும் வேலை இல்லை. (அரசு செப்டம்பர் கெடுவை அவ்வப்போது நீட்டிப்பது உண்டு. ப்ரெவேயில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அதனாலேயே எனக்கு அது மேல்.)

இரண்டாவது, தயாரிப்பு. கன்ட்ரோல் தவிர வழியில் எங்கேயும் வெளியாள் உதவி எடுக்கக் கூடாது என்பது விதி. கார் பின்னால் வராது. பஞ்சர் ஆனால் நம் கைதான். நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயரில் இருந்து தலைமுடி கனத்துக்கு எஃகுக் கம்பி உதிர்ந்து கிடக்கும். சைக்கிள் டயரில் அது ஏறினால் வெளியே பார்த்தால் தெரியாது. ட்யூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினால் இரண்டு கி.மீ.யில் மறுபடி புஸ். அதனால் டயரைக் கழற்றியதும் உள்பக்கம் ஒரு துணியை வைத்துச் சுற்றிலும் இழுக்க வேண்டும். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே கம்பி இருக்கிறது. நகவெட்டியோ சின்னக் குறடோ வைத்து அதைப் பிடுங்கிய பிறகுதான் புது ட்யூப். ராத்திரி இரண்டு மணிக்கு, லாரி ஹெட்லைட் வெளிச்சத்தில், கொசுக்கடியில் இதைப் பொறுமையாகச் செய்ய முடிகிறது என்றால் அதற்குக் காரணம் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை சும்மாவே கழற்றி மாட்டிப் பழகியதுதான். பயணத்தன்று வரும் வைராக்கியத்தை நான் நம்புவதில்லை. செயினுக்கு எண்ணெய், விளக்குக்கு சார்ஜ், இரண்டு நாள் முன்பே பத்து மணிக்குப் படுக்கை. சலிப்பான வேலைகள்தான். ஆனால் இந்தச் சவால் இவற்றைக் கேட்டு வாங்கிவிடுகிறது.

மூன்றாவது, காற்று. இதை ஓட்டியவர்களுக்குத்தான் புரியும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையில் இருந்து தெற்கே போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டே வரும். மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி மரக்காணம் உப்பளம் வரை நாம் பெரிய வீரர் என்ற நினைப்பிலேயே போய்ச் சேர்வோம். திரும்பி வடக்கே சைக்கிளைத் திருப்பியதும் அதே காற்று நெஞ்சில் கை வைக்கும். 26இல் வந்தவர் 16இல் ஊர்வார். போகும்போது மிச்சம் பிடித்த நேரத்தை ‘சம்பாதித்தது’ என்று எண்ணிச் செலவழிக்காமல் இருக்க எனக்குச் சில சீசன்கள் ஆயின. இன்றும் மரக்காணத்தில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லி உடம்பு கெஞ்சும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், நிறையவே இருக்கின்றன. இந்த ஒழுக்கம் பரவும் என்பார்களே, பாதிதான் உண்மை. கெடு உள்ள காரியங்களுக்குப் பரவியது. கெடு இல்லாதவற்றுக்குத் துளியும் பரவவில்லை. நான் இன்னும் இன்ஷூரன்ஸ் காகிதங்களை அடுக்கி வைக்கவில்லை, படிக்கிறேன் என்று வாங்கிய புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன, இனிப்பு சாப்பிடுவது கூடத்தான் செய்திருக்கிறது. 200 ஓட்டியவன் என்ற உரிமையில் மைசூர்பாகு உள்ளே போகிறது.

600 கி.மீ. ஆரோக்கியத்துக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றரை நாளுக்கு மேல் சாலையில், இரண்டு மூன்று மணி நேரத் தூக்கத்தோடு. விடியற்காலை மூன்று முதல் ஐந்து வரை கண் செருகும் நேரம்தான் லாரிக்காரர்களுக்கும் கண் செருகும் நேரம். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: இரண்டு முறை கொட்டாவி சேர்ந்து வந்தால் அடுத்த பஸ் ஸ்டாப் பெஞ்ச், அலாரம் வைத்து 20 நிமிடத் தூக்கம். கெடு போனால் போகட்டும். டி.என்.எஃப்., அதாவது முடிக்கவில்லை என்று பெயருக்கு எதிரே எழுதிவிடுவார்கள், அவ்வளவுதான். இங்கேதான் ‘75 ஹார்ட்’டோடு உள்ள வித்தியாசம் தெரிகிறது. 600ஐ விட்டவர் அந்த 600ஐ மட்டும் சீசனுக்குள் இன்னொரு முறை ஓட்டினால் போதும். முடித்த 200, 300, 400 அப்படியே கணக்கில் நிற்கும்.

அப்புறம் வீடு. சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் வந்து, திங்கள் முழுக்க உட்கார முடியாமல் நெளியும் ஆளோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை. என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “நீங்க வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது, அதனால ஒவ்வொரு கன்ட்ரோல்லயும் ஒரு போன்.” அந்த இரண்டு நிமிடமும் என் நிற்கும் நேரக் கணக்கில் நிரந்தரமாக இருக்கிறது.

இதன் உச்சியில் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் இருக்கிறது. 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் 1,200 கி.மீ., அதிகபட்சக் கெடு 90 மணி நேரம். போனது 2023, அடுத்தது 2027. அந்த வருடத்திலேயே நான்கு தூரத்தையும் முடித்தவர்தான் போகலாம். எனக்கும் ஆசை உண்டு. ஆனால் விசா, விமானம், சைக்கிளைப் பெட்டியில் கட்டும் செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் விழுப்புரமே போதும் என்று தோன்றுகிறது.

யாருக்குப் பொருந்தும்? கெடு வைத்தால் ஓடும், வைக்காவிட்டால் படுத்துவிடும் ரகத்தினருக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் இயல்பு ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது தேவையில்லை. காலை நடையே போதும். முட்டியிலோ இதயத்திலோ ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தொடங்குவதென்றால் ஜனவரியில் 200 கி.மீ.யில் தொடங்குங்கள். ஏப்ரல், மே வெயிலில் வேண்டவே வேண்டாம். விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை, கியர் சைக்கிள் எதுவானாலும் ஓடும். காசை நல்ல விளக்கிலும் சீட்டிலும் போடுங்கள். ஸ்பேர் ட்யூப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சக ஓட்டிகளுக்குக் கொடுக்க விதியில் தடை இல்லை. யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.