மைக்ரோவேவ் அவன்: பல வருடம் புழங்கிய பின் தெரியவருபவை

மைக்ரோவேவ் அவன் புதிதாக வீட்டுக்கு வரும்போது எல்லோருக்கும் இருப்பது கதிர்வீச்சு பயம். சில வருடம் புழங்கினால் கவலைப்பட வேண்டியவை வேறு என்று புரியும். கொதிக்காதது போல் இருக்கும் தண்ணீர், உள்சுவரில் எண்ணெய் படிந்த மைக்கா தகடு, சரியாக மூடாத கதவு ஆகிய மூன்றும்தான் அவை.

முதலில் தண்ணீர். கீறல் இல்லாத வழுவழுப்பான கண்ணாடிக் கோப்பையில் நீரைச் சூடாக்கினால், 100 டிகிரியைத் தாண்டியும் குமிழி வராமல் அசையாமல் நிற்கும். குமிழி உருவாக ஒரு சொரசொரப்போ காற்றுத் துணுக்கோ வேண்டும். அது கிடைக்காததுதான் காரணம். அந்த நிலையில் கரண்டியோ காப்பித்தூளோ உள்ளே போன நொடியில் மொத்தமும் பொங்கி முகத்திலும் கையிலும் தெறிக்கும். ஒருமுறை கொதித்து ஆறிய நீரை மறுபடி வைக்கும்போது இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அதில் கரைந்திருந்த காற்று ஏற்கெனவே வெளியேறிவிட்டது. சூடாக்கும் முன்பே ஒரு மரக்குச்சியைப் போட்டுவிடுங்கள், தேவைக்கு மேல் நேரம் வைக்காதீர்கள், நின்றதும் அரை நிமிடமாவது விட்டுப் பிறகு எடுங்கள். ஓட்டோடு முட்டை வைக்கவே கூடாது. அவித்து உரித்த முட்டையும் வெடிக்கும், அதுவும் பல சமயம் வெளியே எடுத்துக் கடிக்கும்போது. உருளைக்கிழங்கு என்றால் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு வையுங்கள்.

உள்ளே பக்கச் சுவரில் அட்டை போல ஒரு சின்னத் தகடு இருக்கும். அதுதான் மைக்கா. உணவைச் சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானிலிருந்து அந்த அலை வரும் வாயை அது மூடியிருக்கிறது. தெறித்த எண்ணெயும் உணவும் அதில் படிந்து கருகினால், அந்தக் கரி அலையை இழுத்து மேலும் சூடாகி, கடைசியில் பொறி பறக்கும். பொறி தெரிந்ததும் நிறுத்துங்கள். தகட்டை ஈரத் துணியால் மெதுவாகத் துடைக்கலாம். ஓட்டை விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். விலை குறைந்த பாகம் இது. ஆனால் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் மேக்னட்ரானே போய்விடும். உணவை மூடி வைத்துச் சூடாக்கும் பழக்கம் ஒன்றே இந்தத் தகட்டின் ஆயுளைப் பல மடங்கு கூட்டும். மூடியை இறுக்காமல், ஆவி போகச் சிறு இடைவெளி விடுங்கள்.

காலியாக ஓட்டினாலும் மேக்னட்ரான் கெடும். உறிஞ்ச எதுவும் இல்லாததால் அலை திரும்பி அதன் மேலேயே விழுகிறது.

கதவு பற்றி: இந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கண்ணாடிக்குள் இருக்கும் வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர்தான், அதனால் அலை அவற்றின் வழியே வராது. கதவைத் திறந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளும் உண்டு. ஆகவே நல்ல நிலையில் உள்ள கதவுக்கு முன் நிற்பதில் பயம் வேண்டாம். கீல் தளர்ந்தாலோ, கொக்கி உடைந்தாலோ, சட்டம் வளைந்தாலோ அதோடு பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். உள்ளே கைப்பேசியை வைத்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பதை நம்ப வேண்டாம். கசிவுக்கு அது அளவுகோல் ஆகாது.

வருடங்கள் போகப் போகச் சூடாகும் வேகம் குறையும். இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். 1 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழுத் திறனில் 1 நிமிடம் ஓட்டி, கலக்கி, மறுபடி அளங்கள். ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் தோராயமாக எத்தனை வாட் என்று வரும். 800 வாட் அவனில் 11 டிகிரிக்குச் சற்று மேல் ஏற வேண்டும். 8 டிகிரிதான் ஏறுகிறது என்றால் 560 வாட். உணவுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரம் அதற்குப் போதாது.

அலை உணவுக்குள் ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்கும். நடுப்பகுதிக்குச் சூடு மெல்லப் பரவியே போக வேண்டும். அதனால் பாதி நேரத்தில் ஒருமுறை கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் விட்டு, நடுவில் 75 டிகிரி இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைப் பாலை இதில் சூடாக்காமல் இருப்பதே நல்லது. புட்டி வெளியே இளஞ்சூடாக இருக்கும், உள்ளே ஒரு பகுதி மட்டும் நாக்கைச் சுடும்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்து, காற்றில்லாமல் தீ தானாக அணையும்வரை காத்திருங்கள். வெளிக்கூட்டைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் யாருக்கும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகமான கெபாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.