புற்றுநோயாளிக்கு ஐசியுவா, வீடா?

"கேன்சர் பேஷன்ட்டை ஐசியுல போட்டு என்ன ஆகப்போகுது?" தஞ்சாவூர், திருவாரூர் என்று எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இது காதில் விழும். "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல, எல்லாம் செய்யுங்க சார்" என்று கையெழுத்துப் போடும் மகனும் அங்கேயே நிற்பார். இருவர் கண்ணிலும் நோயின் பெயர் மட்டும்தான் படுகிறது. ஆனால் எதற்காக அவசரமாக அழைத்து வந்தார்கள் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

பிரேசிலின் 28 ஐசியுக்களில் 717 புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2010இல் வெளியானது. திட்டமிட்ட ஆபரேஷனுக்குப்பின் சேர்ந்தவர்களில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 11 சதவீதம். அவசர ஆபரேஷனில் 37. ஆபரேஷன் இல்லாமல் வேறு கோளாறுகளால் சேர்ந்தவர்களில் 58. ரத்தப் புற்றுநோயிலும் நம்பிக்கை உண்டு. பிரான்ஸ், பெல்ஜியத்தில் ஐசியுவில் சேர்ந்த 1,011 பேரில் 60.7 சதவீதம் பேர் உயிரோடு டிஸ்சார்ஜ் ஆனார்கள்.

ஐசியுவுக்காக நான் வாதாடும் முதல் இடம் கீமோ காய்ச்சல். மருந்து ஏறிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருக்கும்போது வரும் காய்ச்சலுக்கு, ஆஸ்பத்திரிக்குள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். வேதாரண்யத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு 101 டிகிரி என்றால் ஒரு பாராசிட்டமால் கொடுத்து, "காலைல பாத்துக்கலாம்" என்று படுத்துவிடுகிறோம். விடிவதற்குள் பி.பி. இறங்கி, ஐசியு தேவைப்படும் நிலை வந்துவிடலாம். சென்னையில்தானே கீமோ போட்டோம், அங்கேயே போவோம் என்று கார் பிடிப்பதும் ஆபத்துதான். பக்கத்து மெடிக்கல் காலேஜில் ஃபைலைக் காட்டி, என்ன மருந்து, எந்தத் தேதி என்று சொல்லி, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு பேசலாம்.

நோய் எல்லா மருந்தையும் மீறிப் பரவி, ஆள் மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்கிறார், மேற்கொண்டு கொடுக்க மருந்தில்லை என்றால் நான் வீட்டுப் பக்கம். வென்டிலேட்டர் குழாய் போட்டபின் அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. வலிதணிப்பு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) என்றாலே கைகழுவிவிட்டார்கள் என்று நினைக்கிறோம். 2010இல் வந்த அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு அதையும் ஆரம்பத்திலேயே சேர்த்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், சேர்க்காதவர்களுக்கு 8.9. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இரண்டிலும் சேராதவர்களும் பலர். அவர்களுக்கு நான் சொல்வது நாள் குறித்த ஐசியு: முதல் சில நாள் எதையும் குறைக்காமல் முழு சிகிச்சை, பிறகு டாக்டரோடு உட்கார்ந்து பேசுவது. பிரான்சில் 188 புற்றுநோயாளிகளிடம் இப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. ஐந்து நாளைத் தாண்டியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்று நாளுக்குப்பின் புதிதாக வென்டிலேட்டரோ, டயாலிசிஸோ, பி.பி. ஏற்றும் மருந்தோ தேவைப்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வாசலிலேயே கதவை மூடுவதும் தவறு, மாதக்கணக்கில் இழுப்பதும் தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

டாக்டரிடம் மூன்று கேள்வி போதும். இந்தக் கோளாறு சரியாகக்கூடியதா? சரியானால் கேன்சருக்கு மேற்கொண்டு சிகிச்சை உண்டா? எத்தனையாவது நாள் மறுபடி பேசுவோம்? நோயாளியின் விருப்பத்தை மட்டும் அதற்கு முன்பே, கீமோவுக்குப் போய்வரும் நல்ல நாளில் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.