எஸ்டி கார்டா, எஸ்எஸ்டியா? குறைந்த பட்ஜெட் படப்பிடிப்புக்கு எது?

வேகம்: கார்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் படிக்கும் வேகம். கார்டில் உள்ள வி30 என்ற வேகக் குறி என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பதே உறுதி. 400 எம்பிபிஎஸ் (நொடிக்கு 400 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) பதிவுக்கு நொடிக்கு 50 மெகாபைட் தேவை, ஆகவே வி60. கேமராவுக்கு வெளியே கேபிளில் இணைக்கும் சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டிக்கு இது எளிது. ஆனால் மலிவான சில வகைகள் கேஷ் (தற்காலிக வேக நினைவகம்) நிரம்பியதும் வேகம் குறைந்து, ஷாட் நடுவே பதிவை நிறுத்திவிடும்.

செலவு: அதே 400 எம்பிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 180 ஜிபி. ஜிபி கணக்கில் எஸ்எஸ்டியே மலிவு.

உறுதி: கார்டு கேமராவுக்குள் பத்திரம். எஸ்எஸ்டியின் பலவீனம் கேபிள். யுஎஸ்பி-சி முனை சற்று அசைந்தாலும் கிளிப் கெடலாம். கேஜும் (கேமராவைச் சுற்றிப் பொருத்தும் சட்டம்) கேபிளை அசையாமல் பிடிக்கும் கிளாம்பும் கட்டாயம். கேமரா பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

கிம்பலில் (கேமரா ஆடாமல் தாங்கும் கருவி), கையில் பிடித்து எடுப்பவர்களுக்குக் கார்டு. முக்காலியில் நீண்ட பேட்டிக்கு எஸ்எஸ்டி. வாங்கும் முன் கேமரா யுஎஸ்பி பதிவை ஏற்கிறதா என்று பாருங்கள்.