ஜப்பானின் பி லீக்: சீட்டு வாங்கிப் பார்ப்பவனின் மதிப்பீடு

வேலை நிமித்தமாக டோக்கியோவுக்குக் கிழக்கே குடியிருக்கும் எனக்கு, ஜப்பானின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான பி லீக் மூன்று பருவங்களாக வார இறுதிப் பழக்கமாகிவிட்டது. ஒரு லீக்கை உணவகத்தை மதிப்பிடுவதுபோல் மதிப்பிடலாமா என்று கேட்கலாம். காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறோம், இரண்டு மணி நேரம் உட்காருகிறோம், மறுபடி வரலாமா என்று வீடு திரும்பும் ரயிலில் யோசிக்கிறோம். அந்த அளவில் இதுவும் ஒரு சேவைதான். கடைசியாக இரண்டாம் அடுக்கில் ஓர் இருக்கைக்கு நான் கொடுத்தது ஏறத்தாழ 4,000 யென்.

அந்தக் காசுக்கு அரங்கில் கிடைப்பதில் எனக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிடலாம். கைப்பேசியில் உள்ள சீட்டை வாசலில் காட்டி உள்ளே போனால், இருக்கையின் மேல் மடித்த அட்டை விசிறி ஒன்று காத்திருக்கும். ஹரிசென் என்பார்கள். விரித்தால் ஆட்டக்காரர்களின் பெயரும் எண்ணும் தெரியும். மடித்து உள்ளங்கையில் தட்டினால் சுளீரென்று சத்தம் வரும். ஐயாயிரம் பேர் ஒரே தாளத்தில் தட்டும்போது, அடுத்த தெருவில் சரவெடி கொளுத்தியதுபோல் இருக்கும். விளக்குகளை அணைத்து வீரர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவதும், இடைவேளைகளில் நடனக் குழுவும் கோமாளி உருவமும் வருவதும், ஆட்டம் முடிந்ததும் வென்ற அணியின் நாயகன் களத்தின் நடுவே ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வெட்கத்துடன் பேசுவதும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஒழுங்கில் நடக்கும். இங்கே கூடைப்பந்து ரசிகர்களுக்கு ‘பூஸ்டர்’ என்று பெயர். முதல் முறை கேட்டபோது எனக்குப் பள்ளிக்கூட நாள்களின் மாலை நேரப் பால் டம்ளர்தான் நினைவுக்கு வந்தது.

ஒரே ஒரு மனக்குறை சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியது. பெயர் சொல்ல விரும்பாத ஓர் அரங்கில், பாதி ஆட்ட இடைவேளையில் கறிச்சோற்றுக்கு வரிசையில் நின்று, மூன்றாம் கால்பகுதியின் முதல் நான்கு நிமிடங்களைச் சுவருக்கு அப்பாலிருந்து காதால் மட்டுமே கேட்டேன். அதன் பிறகு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

இவ்வளவு ஒழுங்கான அமைப்பு ஒரு பெரிய அவமானத்திலிருந்து பிறந்தது என்பதைப் புதிதாக வருபவர்கள் நம்புவது கடினம். 2005இல் தேசிய லீக்கிலிருந்து சில அணிகள் பிரிந்துபோய் பிஜே லீக் என்ற பெயரில் தனிக் கடை விரித்தன. மறுபுறத்தில் டொயோட்டா, தோஷிபா, ஐசின், மிட்சுபிஷி போன்ற நிறுவனங்களின் அணிகள் தங்கள் வழியில் ஆடிக்கொண்டிருந்தன. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப். அணிகளின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த சென்னைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது உலகம் நன்றாகவே புரியும்: ஆட்டக்காரர் என்பவர் முதலில் ஊழியர், அணி என்பது நிறுவனத்தின் நலத்துறைக் கணக்கில் ஒரு செலவு. ஒரே நாட்டில் இரண்டு உயர்மட்ட லீக்குகள் இருப்பதையும், அவற்றை இணைக்க ஜப்பான் கூடைப்பந்துச் சங்கத்துக்குத் திராணி இல்லாததையும் காரணம் காட்டி, உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2014 நவம்பரில் ஜப்பானை இடைநீக்கம் செய்தது. ஆண்கள் சண்டையில் பெண்கள் அணியின் ஒலிம்பிக் வாய்ப்பும் சேர்ந்து அடிபடும் நிலை வந்தது.

சீர்திருத்தக் குழுவின் தலைமைக்கு வந்தவர் கூடைப்பந்துக்காரரே அல்லர். ஜப்பானியக் கால்பந்து லீக்கை 1993இல் தொடங்கி வைத்த சபுரோ கவாபுச்சி. அப்போது அவருக்கு வயது 78. அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, முதல் பிரிவில் ஆட விரும்பும் கழகம் 5,000 பேர் அமரக்கூடிய அரங்கில் தன் சொந்த ஊர் ஆட்டங்களில் 80 விழுக்காட்டை நடத்தியாக வேண்டும் என்பது. அதோடு, கழகத்தின் பெயரில் ஊர் இருக்க வேண்டும். தோஷிபா பிரேவ் தண்டர்ஸ் கவாசாகி பிரேவ் தண்டர்ஸ் ஆனது. ஐசின் பெயரில் இருந்த அணி மிகாவா வட்டாரத்தின் அணியாயிற்று. நிறுவனத்தின் கணக்கில் இருந்த அணியை ஊரின் கணக்கில் எழுதியதுதான் இந்த லீக்கின் மூலச் செயல் என்று நான் கருதுகிறேன். 2015இல் தடை நீங்கியது. 2016 செப்டம்பரில் டோக்கியோவின் யோயோகி அரங்கில், தரை முழுவதும் ஒளித்திரையாக மின்னிய களத்தில், ஆல்வார்க் டோக்கியோவும் ரியூக்யூ கோல்டன் கிங்ஸும் முதல் ஆட்டத்தை ஆடின. ஒன்று நிறுவன லீக்கிலிருந்து வந்த அணி, மற்றது பிஜே லீக்கிலிருந்து வந்த அணி என்பதைக் கவனித்தால், அந்தத் தொடக்க ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவரின் கெட்டிக்காரத்தனம் விளங்கும்.

ஆட்ட அட்டவணையில் இந்த லீக்குக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு. பருவத்துக்கு 60 ஆட்டங்கள். பெரும்பாலான வாரங்களில் அதே இரண்டு அணிகள் அதே அரங்கில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து மோதும். பயணச் செலவு மிச்சம் என்ற கணக்குதான் இதற்கு அடிப்படை என்றாலும், பார்வையாளனுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. சனிக்கிழமை தோற்ற பயிற்சியாளர் ஓர் இரவுக்குள் எதை மாற்றியிருக்கிறார் என்பதை ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே பார்க்கலாம். ஒரே ஒரு நாளுக்குத்தான் சீட்டு எடுக்க முடியும் என்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பரிந்துரைப்பேன்.

பருவத்தின் முடிவில் எட்டு அணிகள் சாம்பியன்ஷிப் சுற்றுக்குப் போகின்றன. அந்தச் சுற்றில் தரவரிசை பெரிதாகக் காப்பாற்றாது. 2023–24 பருவத்தில் ஹிரோஷிமா டிராகன்ஃபிளைஸ், தன் பகுதியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வராமல் கூடுதல் இடத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. இறுதியில் நடப்பு வெற்றியாளரான ரியூக்யூவை மூன்று ஆட்டத் தொடரில் வீழ்த்திக் கோப்பையை எடுத்துச் சென்றது.

களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டவருக்கு மட்டுமே இடம்; கூடவே ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஒருவரோ, 2020இல் வந்த ஆசிய ஒதுக்கீட்டில் சேர்ந்த ஒருவரோ ஆடலாம் என்பதுதான் நான் பார்த்த பருவங்களின் விதி. பிலிப்பைன்ஸிலிருந்து தேர்டி ரவேனா வந்தது இந்த ஒதுக்கீட்டில்தான். இதன் விளைவாகக் கூடையடியில் நெட்டை அமெரிக்கர்களும், பந்தைத் தட்டி வரும் இடத்தில் குட்டையான ஜப்பானியர்களும் என்று ஒவ்வோர் அணியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் தோன்றும். ஆயினும் அந்தக் குட்டையானவர்கள்தாம் இந்த லீக்கின் அழகு. 167 சென்டிமீட்டர் உயரமுள்ள சிபா ஜெட்ஸின் யூகி தொகாஷி, 2019இல் பத்துக் கோடி யென் சம்பளத்தைத் தொட்ட முதல் ஜப்பானிய வீரரானார். 2023 உலகக் கோப்பையில், ஒகினாவா அரங்கில், 18 புள்ளிகள் பின்தங்கியிருந்த ஜப்பான் 98–88 என்று பின்லாந்தை வென்றபோது 25 புள்ளிகள் எடுத்த யூகி கவாமுராவும் இந்த லீக்கில் உருவானவரே. அந்த வெற்றிக்குப் பிறகு நல்ல இருக்கைக்குச் சீட்டுக் கிடைப்பது அரிதாயிற்று.

என்னை இந்த லீக்கோடு கட்டிப்போட்டது இதுவரை சொன்ன எதுவும் அன்று, ஏணிதான். பி1, பி2, பி3 என்று மூன்று படிகள் இருந்தன. வென்றால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். முதல் பருவத்தின் முடிவில் வெறித்தனமான பூஸ்டர்களைக் கொண்ட அகிதா இறங்கியது. ஒரே ஆண்டில் மேலே திரும்பி வந்தது. 2020இல் உருவான நாகசாகி வெல்கா 2021இல் பி3யில் ஆடத் தொடங்கி, 2023இல் பி1இல் நின்றது. பட்டியலின் அடியில் இருக்கும் இரண்டு அணிகள் ஏப்ரல் மாதத்தில் மோதும் ஆட்டத்துக்குக்கூட உயிர் இருந்ததற்கு இந்த ஏணியே காரணம்.

அந்த ஏணியை லீக் தன் கையாலேயே எடுத்துவிட்டது. 2026–27 பருவத்திலிருந்து பி பிரீமியர், பி ஒன், பி நெக்ஸ்ட் என்று புதிய அடுக்குகள். எந்த அடுக்கில் ஆடுவது என்பதை வெற்றி தோல்வி தீர்மானிக்காது. பிரீமியருக்கான முதல் சுற்றுத் தேர்வில் கேட்கப்பட்டவை ஆண்டுக்கு 120 கோடி யென் வருவாய், சராசரியாக 4,000 பார்வையாளர்கள், சிறப்பு அறைகளுடன் கூடிய 5,000 இருக்கை அரங்கு. கழிப்பறை எண்ணிக்கைகூட அளவுகோலில் அடங்கும். சம்பளத்துக்கு 80 கோடி யென் உச்சவரம்பும் 50 கோடி யென் அடிவரம்பும் வைத்து, ஒரு நட்சத்திர வீரரை மட்டும் அவர் உண்மையில் எவ்வளவு வாங்கினாலும் 15 கோடி என்று கணக்கில் எழுதிக்கொள்ளச் சலுகையும் கொடுத்திருக்கிறார்கள்.

நிர்வாகத்தின் தரப்பு வலுவானது என்பதை மறைப்பதற்கில்லை. லீக்கின் தலைவர் ஷின்ஜி ஷிமாதா, சிபா ஜெட்ஸ் கழகத்தை நடத்தித் தூக்கி நிறுத்திவிட்டு வந்தவர். தரமிறங்கும் பயம் இருக்கும்வரை உரிமையாளர் கையிலுள்ள பணத்தை அடுத்த மாத வெற்றிக்காக ஆட்டக்காரர்கள் மேல் கொட்டுவாரே தவிர, முப்பது ஆண்டு நிற்கும் அரங்கில் போடமாட்டார் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நட்டம் காட்டினால் உரிமம் போய்விடும் என்ற பழைய விதியும் அதே கவலையில் பிறந்ததுதான். பலனும் கண்ணுக்குத் தெரிகிறது: 2021இல் ஒகினாவா அரங்கு, 2024இல் பூனாபாஷியில் லாலா அரீனா, அதே ஆண்டில் நாகசாகியின் புதிய அரங்கு. இவற்றில் எந்த மூலையில் அமர்ந்தாலும் களம் காலடியில் இருப்பதுபோல் தெரியும்.

இருந்தாலும், காசு கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு ஒப்பவில்லை. அரங்கின் சொகுசு கூடியிருக்கிறது. ஆனால் கடைசி இடத்துக்கு நடக்கும் ஆட்டத்தில் இனி எதை நினைத்து விசிறியைத் தட்டுவது? ஒரு கழகம் மேலே போவதைக் களத்தில் பார்த்துக் கத்தலாம். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பார்த்து யாரும் கத்த முடியாது. வாசலை அடைத்துவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது, தகுதி வந்த கழகம் பிறகும் விண்ணப்பிக்கலாம். வாசலின் சாவி ஐந்து ஆட்டக்காரர்களிடமிருந்து கணக்காளரிடம் போயிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

சென்ற குளிர்காலத்தில் பி3 ஆட்டம் ஒன்றைப் பார்க்க ஒரு சிற்றூரின் நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே அணிய அவர்கள் கொடுத்த பச்சை நிறச் செருப்பு என் குதிகாலுக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. மடக்கு நாற்காலி, கூரையில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் வெப்பக்காற்றுப் பெட்டி, பக்கத்தில் பேரனுடன் வந்திருந்த பாட்டியம்மாள். நாற்காலிக்கும் களத்துக் கோட்டுக்கும் நான்கு அடிதான் இடைவெளி. நிமிர்ந்து எழுந்த வீரனின் வியர்வை வாடைகூட வந்தது. அந்தக் கூடம் எந்த அளவுகோலிலும் தேறாது. வரும் பருவத்துக்கு லாலா அரீனாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சீட்டும், அந்தக் கூடத்துக்கு மூன்று சீட்டுகளும் வாங்குவதாக இருக்கிறேன். கூடத்துக்குப் போகும்போது என் அளவுக்குச் செருப்பை வீட்டிலிருந்தே எடுத்துப் போவேன்.