பத்தாவது முடித்த பிள்ளையோடு நூலகத் திண்ணைக்குப் போனோம்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஊர் (திருச்சி பக்கம்) கிளை நூலகத் திண்ணையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேல்படிப்பு ஆலோசனை, கட்டணம் கிடையாது. பணி ஓய்வுக்குப் பிறகு 2019 உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்தவர், இப்போது அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறார். போன மே மாதம் பெண்ணை அழைத்துக்கொண்டு போனேன்.

அதற்கு முன்பு டவுனில் ஒரு தனியார் ஆலோசனை மையத்தில் 3,000 ரூபாய் கட்டி 18 பக்க ரிப்போர்ட் வாங்கியிருந்தோம். பெண்ணுக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது என்று போட்டிருந்தார்கள், சந்தோஷம், ஆனால் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று ஒரு வரி இல்லை.

டீச்சர் அந்த ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லை. "ஆறாவதுலேர்ந்து எங்க படிச்சா?" என்றார். இங்கேதான், அரசுப் பள்ளி என்றேன். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போவதைப் பெருமையாகச் சொன்னதும் விழுந்தது பாருங்கள் திட்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் பொறியியல், மருத்துவத்துக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். கல்லூரி போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். "இத்தனையும் விட்டுட்டு, ரெண்டு வருஷத்துக்குக் கடன் வாங்கி ஃபீஸ் கட்டப் போறீங்களா?" எனக்குச் சுருக்கென்றது. முன்பணத்துக்கு நகையை அடகு வைக்க எடுத்தே வைத்திருந்தேன்.

அப்புறம் என்னை வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பெண்ணோடு தனியாகப் பேசினார். அவளுக்கு உயிரியலே பிடிக்காது, விடுதி என்றாலே பயம், அப்பா மனசு கஷ்டப்படும் என்று வாயைத் திறக்கவில்லை என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கம் கட்ஆஃப் கணக்கைப் போட்டுக் காட்டினார்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. பொறியியலுக்கு உயிரியல் தேவையே இல்லை. கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்தோம். மார்க் குறைந்த பிள்ளைகளிடம் பாலிடெக்னிக் மூன்று வருடம் முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் அதே மரியாதையோடு சொல்வார், அது எனக்குப் பிடித்தது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே பஸ்ஸுக்காக. மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் நாலேகால் டவுன் பஸ் போய்விடும், அடுத்தது ஆறரைக்கு. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பத்தாவதோடு நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம் என்பது திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் எழுந்து கேட்டார், அப்புறம் மனுவோடு டிப்போவுக்கு எத்தனை நடை நடந்தாரோ. பொங்கல் கழிந்து அஞ்சேகாலுக்கு ஒரு பஸ் வந்தது. 18 பக்க ரிப்போர்ட்டுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

குறை இல்லாமல் இல்லை. டோக்கன் கிடையாது, நான் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். பெற்றோரை நாலு பேர் முன்னால் வைத்தே திட்டுவார், ரோஷக்காரர்களுக்குச் சரிப்படாது. கலைக் கல்லூரிப் படிப்புகள் பற்றிக் கேட்டால் பதில் கொஞ்சம் பழசாக இருக்கிறது, பக்கத்தில் இருந்த பையன் பி.காமில் புதிதாக வந்த பிரிவுகளைக் கேட்டபோது விசாரித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னார். போன் எடுக்கவே மாட்டார்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். போகிறவர்கள் எட்டரைக்கே போய் இடம் பிடியுங்கள், மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள், முக்கியமாகப் பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாகப் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்.