பெடல்போர்டு ஓரத்து இன்புட், அவுட்புட் சாக்கெட்டுகள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

இன்புட் சாக்கெட்டைக் கழற்றி வேறொன்று மாற்றிய கையோடு எழுதுகிறேன். வீட்டிலேயே பெடல்போர்டு (கிட்டார் எஃபெக்ட் பெடல்களை அடுக்கி மாட்டும் பலகை) கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், “ஓரத்துல நாலு சாக்கெட் வச்சு, ஒயரை உள்ளேயே ஓட்டிட்டா நல்லா இருக்குமா?” என்று கேட்டிருந்தார். நல்லா இருக்கும். ஆனால் ஒரு நட்டு உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

டிப் (கேபிள் பின்னின் நுனி) என்றால் சிக்னல், ஸ்லீவ் (அதன் தண்டு) என்றால் கிரவுண்ட் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகவே இது. அமைப்பு: பிளைவுட் பலகை, வலது ஓரத்தில் 3 மி.மீ. கனமுள்ள அலுமினிய எல் ஆங்கிள், அதில் வரிசையாக இன்புட், செண்ட் (சிக்னல் நடுவழியில் வெளியே போக), ரிட்டர்ன் (திரும்ப உள்ளே வர), அவுட்புட். ரிட்டர்ன் மட்டும் பிளாஸ்டிக் உடல். மற்ற மூன்றும் உலோக ஓப்பன் ஃபிரேம் (உள் உறுப்புகள் திறந்து தெரியும்) வகை. பிராண்டைச் சொல்லப்போவதில்லை. இந்த எரிச்சல் அந்த வகைக்கே உரியது.

எரிச்சல் இதுதான்: நட்டு தளர்கிறது. ஓப்பன் ஃபிரேம் சாக்கெட் வட்டத் துளையில் ஒரே ஒரு நட்டின் பிடியில் நிற்கிறது. சுழலாமல் தடுக்க வேறு எதுவும் கிடையாது. கேபிளை மிதித்தாலும், பின்னைத் திருகிக்கொண்டே உருவினாலும், அந்தத் திருகல் முழுக்க நட்டுக்குப் போகிறது. நட்டு கால் சுற்று தளர்ந்ததும் சாக்கெட் மொத்தமாகச் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் ‘லேசா ஆடுது’, அவ்வளவுதான். உள்ளே ஒயர் ஒவ்வொரு முறையும் முறுக்கி, பிரிந்து, மறுபடி முறுக்குகிறது. முதலில் அறுவது சால்டர் அல்ல. சால்டர் முடிகிற இடத்துக்கு அடுத்த மில்லிமீட்டரில் ஒயர் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடுவதே காரணம். இன்னொரு விபத்தும் உண்டு: சுழன்ற சாக்கெட்டின் டிப் லக் (ஒயரைச் சால்டர் செய்யும் காது) ஆங்கிளைத் தொட்டுவிடும். உடனே முழு அமைதி. பெடல், பேட்ச் கேபிள், அடாப்டர் என எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டுக் கடைசியில்தான் இங்கே வந்து சேர்வோம்.

இதற்கு என்ன செய்யலாம்? பல் வாஷர் உள்பக்கம், அதாவது சாக்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில். தட்டை வாஷர் வெளிப்பக்கம், நட்டுக்கு அடியில். இதை மாற்றிப் போட்டிருக்கும் போர்டுகள்தான் அதிகம். பல் வாஷர் வெளியே இருந்தால் தகட்டில் கீறல் விழுவதுதான் மிச்சம். துளை 9.5 மி.மீ. போதும், 10 மி.மீ. பிட்தான் கையில் இருக்கிறது என்றால் சரி, அதற்கு மேல் போகாதீர்கள். நட்டு அரை இன்ச் அளவு. 13 எண் ஸ்பேனர் கொஞ்சம் லூசாகத்தான் பிடிக்கும், கட்டிங் பிளேயரோ மூலைகளைத் தின்றுவிடும். அரை இன்ச் பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மரையில் நீல நிற திரெட் லாக்கர் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற சூடு காட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் சாக்கெட்டின் மரையில் எந்த லாக்கரும் படக்கூடாது, சில பிளாஸ்டிக்குகள் வெடித்துப்போகும்.

பலகையிலேயே நேராகத் துளையிட்டுச் சாக்கெட் மாட்ட நினைப்பவர்களுக்கு: 12 மி.மீ. பிளைவுட்டைத் தாண்டி மரை வெளியே வராது. உள்பக்கம் அகலக் குடைந்தாலும் மரம் காலப்போக்கில் அமுங்கி நட்டு தளரும். தகடுதான் சரி.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்வது வேடிக்கைதான்: இந்தச் சாக்கெட் வரிசை தந்த வசதியை எதிர்பார்க்கவே இல்லை. செண்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஹாஃப் நார்மல் முறையில் இணைத்ததுதான் விஷயம். முன்பாதி பெடல்கள் (வா, டிரைவ்) செண்டின் டிப்பில் முடிகின்றன. பின்பாதி (டிலே, ரிவெர்ப்) ரிட்டர்னின் டிப்பில் தொடங்கி அவுட்புட்டுக்குப் போகிறது. ரிட்டர்ன், ஸ்விட்ச் உள்ள சாக்கெட். அதன் ஸ்விட்ச் லக்கை செண்டின் டிப்போடு ஒரு ஒயரால் இணைத்தால் போதும். ரிட்டர்னில் எதுவும் செருகாதவரை சிக்னல் தானாக முன்பாதியிலிருந்து பின்பாதிக்குப் பாயும். செருகினால் பிரியும். ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்ப்பின் நடுவே பெடல்களைச் சேர்க்கும் வழி) இருந்தால் நாலு கேபிள் முறை: முன்பாதி ஆம்ப்பின் இன்புட்டுக்கு, பின்பாதி அதன் லூப்புக்கு. இல்லையென்றால் இன்புட், அவுட்புட் இரண்டு கேபிள். போர்டுக்குள் எதையும் மாற்றவேண்டாம்.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது நாலு கேபிள் முறை அல்ல. கோளாறு தேடும் வசதி. சத்தம் நின்றுபோனால் ஆம்ப் கேபிளை அவுட்புட்டிலிருந்து உருவி செண்டில் செருகுங்கள். சத்தம் வந்தால் முன்பாதி சுத்தம், கோளாறு பின்பாதியில். வராவிட்டால் கிட்டாரை ரிட்டர்னில் செருகி, ஆம்ப் கேபிளைத் திரும்ப அவுட்புட்டிலேயே செருகிப் பாருங்கள். பெடல் எதையும் கழற்றாமல் அரை நிமிடத்தில் போர்டு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மேடையில் டிலே செத்துப்போனால் செண்டிலிருந்தே மிக்சருக்கோ டி.ஐ. பாக்ஸுக்கோ (சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக்கும் பெட்டி) கொடுத்துக் கச்சேரியை முடித்துவிடலாம். செண்டில் செருகுவது சிக்னலை வெட்டாது என்பதால் டியூனரையும் அங்கேயே தொங்கவிடலாம்.

இன்புட்டிலும் ஸ்விட்ச் உள்ள சாக்கெட் போட்டு, ஸ்விட்ச் லக்கை ஸ்லீவோடு சேர்த்துவிடுங்கள். கேபிள் இல்லாதபோது டிப் கிரவுண்டாகிவிடும். கிட்டார் மாற்றும் இடைவெளியில் போர்டு இரையாது. செருகும் நொடியில் வரும் ‘டப்’ சத்தம் இதனால் போகாது, அதற்கு டியூனர் மியூட்தான்.

ஸ்விட்ச் காண்டாக்டுக்கு ஒரு வியாதி உண்டு. ரிட்டர்னில் எதுவும் செருகாமலே வருடக்கணக்கில் இருந்தால், அந்தச் சிறு உலோகத் தொடுமுனையில் படலம் படியும். சென்னை மாதிரி கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். அறிகுறி: ஒலி மெலிந்து ஒலிக்கும், வால்யூம் விட்டுவிட்டு இறங்கும், போர்டைத் தட்டினால் திரும்ப வரும். செண்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே ஒரு சிறிய பேட்ச் கேபிளைச் செருகிப் பாருங்கள். ஒலி முழுதாகத் திரும்பினால் குற்றவாளி ஸ்விட்ச் காண்டாக்ட்தான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய்விட்டால் பிறகு மாதாமாதம் அதே வேலைதான்.

இனி கிரவுண்ட். உலோகச் சாக்கெட்டின் மரையே ஸ்லீவ்தான். அலுமினியத்தில் மாட்டினால் எல்லாச் சாக்கெட்டின் ஸ்லீவும் ஒன்றாகிவிடும். ஒரே ஆம்ப், அதன் முன்பக்க இன்புட் மட்டும் என்றால் இது நல்லதே. நாலு கேபிள் முறையில் ஆம்ப்பின் கிரவுண்ட் இரண்டு மூன்று வழிகளில் போர்டைச் சுற்றி வரும். 50 ஹெர்ட்ஸ் ஹம் ஆரம்பிக்கும். அதனால்தான் ரிட்டர்ன் பிளாஸ்டிக். ஆனால் வெறுமனே பிளாஸ்டிக் போட்டு டிப்பை மட்டும் நார்மல் செய்தால், லூப் பயன்படுத்தாத நாளில் பின்பாதிக்குக் கிரவுண்டே கிடைக்காமல் போகலாம். டிப், ஸ்லீவ் இரண்டுக்கும் பிரேக் காண்டாக்ட் உள்ள சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டையும் செண்டின் டிப், ஸ்லீவோடு இணைத்தால் செருகும்போது இரண்டும் சேர்ந்து பிரியும். அவுட்புட்டையும் தகட்டிலிருந்து பிரித்து வைப்பது அவசியம். இல்லாவிட்டால் பின்பாதியின் கிரவுண்ட் அந்த வழியாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். என் போர்டில் அவுட்புட்டுக்கு நைலான் தோள் வாஷர் போட்டிருக்கிறேன். இவ்வளவும் செய்துவிட்டு எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து டெய்சி செயின் (ஒரே ஒயரில் தொடராகப் பவர்) கொடுத்தால் எல்லாம் வீண், கிரவுண்ட் அங்கேயே சேர்ந்துவிடும். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட சப்ளை வேண்டும். முடியாவிட்டால் ஒரு வழியில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். ஹம் போகிறதே என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் உடைக்காதீர்கள். கிட்டார் கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

‘ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணை’ என்று எங்கேயோ படித்துவிட்டு அதை எல்லா இடத்திலும் செய்கிறார்கள். இரு முனைகளும் ஏற்கெனவே ஒரே தகட்டால் கிரவுண்டாகியிருந்தால் அது சரி. பிளாஸ்டிக் சாக்கெட்டிலிருந்து பெடலுக்குப் போகும் ஒயரில் ஷீல்டுதான் திரும்பும் பாதை. இரு முனையிலும் சால்டர் செய்யாவிட்டால் பெரும் இரைச்சல்தான் கேட்கும்.

சாக்கெட்டிலிருந்து முதல் பெடலுக்கு இன்னொரு சாக்கெட், பேட்ச் கேபிள் என்று போகாமல், ஷீல்டு ஒயரை நேராகச் சாக்கெட்டில் சால்டர் செய்து மறுமுனையில் தட்டையான எல் பின் போடுங்கள். ஒரு தொடுமுனை குறையும். உள்ளே சாக்கெட்டிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒயரை ஒரு கேபிள் டையால் ஆங்கிளோடு கட்டுங்கள், நடுவில் கொஞ்சம் வளைவு விட்டு. நட்டு தளர்ந்தாலும் இழை அறுவது இதனால் வெகுவாகத் தள்ளிப்போகும். கம்பி ஒயர் வேண்டவே வேண்டாம், பல இழை ஒயர் மட்டும்.

சால்டர் செய்யும்போது ஒரு பழைய பின்னைச் சாக்கெட்டில் செருகி வைத்திருங்கள். பிளாஸ்டிக் உருகினாலும் காண்டாக்ட் நகராது. பிளாஸ்டிக் சாக்கெட்டின் லக்குக்கு மூன்று விநாடிக்கு மேல் அயர்ன் வைக்கக் கூடாது. உலோக ஸ்லீவ் லக் இதற்கு நேரெதிர்: முழு உடலும் சூட்டைக் குடிக்கும். மெல்லிய முனையும் 25 வாட் அயர்னும் அங்கே போராடும். தட்டை முனையில் 350 டிகிரி இருந்தால் சட்டென்று முடியும். அங்கே சாம்பல் நிறத்தில் குமிழாக நிற்கும் ஈயம் ஒட்டியதாகவே அர்த்தமில்லை.

இடம் விடுவதில் இரண்டு பொறிகள். சாக்கெட் மையத்துக்கு மையம் 25 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், எல் பின் பயன்படுத்துபவர்கள் இன்னும் கூடுதலாக. அடுத்தது, பின் செருகியதும் டிப் ஸ்பிரிங் வெளிப்பக்கம் விரியும். காலி சாக்கெட்டாக மல்டிமீட்டரில் சரியாகக் காட்டியது, பின் செருகியதும் ஆங்கிளில் பட்டு ஷார்ட் ஆகும். சோதனை எப்போதும் பின் செருகிய நிலையில், அதை ஆட்டிக்கொண்டே: டிப்புக்கு டிப் பீப், ஸ்லீவுக்கு ஸ்லீவ் பீப், டிப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது. பிளாஸ்டிக் சாக்கெட் என்றால் ஸ்லீவுக்கும் தகட்டுக்கும் நடுவேயும் பாருங்கள். போர்டு பவரையும் எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு.

9 வோல்ட் டிசி சாக்கெட்டையும் அதே ஆங்கிளில் மாட்டும் ஆசை வரும். பெடல் சப்ளை நடுமுனை நெகட்டிவ், அதாவது வெளி வளையம் பாசிட்டிவ். உலோக உடல் டிசி சாக்கெட்டில் அந்த வளையம் தகட்டைத் தொட்டால், கிரவுண்டான தகட்டின் வழியே சப்ளை நேராக ஷார்ட். பிளாஸ்டிக் உடல் மட்டும், அதுவும் சிக்னல் சாக்கெட்டுகளிலிருந்து தள்ளி.

உள்ளே ஓடும் ஒயரால் டோன் போகுமா என்றால், ஒயரின் கெபாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், போர்டுக்குள் ஓடுவது அரை மீட்டர். கிட்டாருக்கும் போர்டுக்கும் நடுவில் கிடக்கும் ஆறு மீட்டரை விட்டுவிட்டு இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

தீர்ப்பு? நான் ஏளனமாகப் பார்த்த அந்தப் பிளாஸ்டிக் ரிட்டர்ன் சாக்கெட் இதுவரை ஒரு தடவைகூடச் சுழலவில்லை. அகலமான முகம், தகட்டில் பதியும் உடல், இழுத்தாலும் திருகினாலும் அசையவில்லை. நியாயமாகப் பார்த்தால் இன்புட்டுக்கும் அதைத்தான் போட்டிருக்க வேண்டும். அல்லது 24 மி.மீ. துளையில் இரண்டு ஸ்க்ரூவால் நிற்கும் டி வகை சாக்கெட், சுழலும் பேச்சுக்கே இடமில்லை. (லாக் உள்ளது வேண்டாம், யாராவது கேபிளில் தடுக்கினால் போர்டே கீழே வரும்.) இத்தனையும் தெரிந்தும் இப்போது மாட்டியிருப்பது அதே ஓப்பன் ஃபிரேம்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் கண்ணால் பார்க்கலாம், பிளேயரால் லேசாக வளைத்து நேர்செய்யலாம், சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். பிளாஸ்டிக் சாக்கெட் உள்ளே என்ன ஆனாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நண்பருக்குப் பதில்: மூன்று பெடல்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம், நேராகப் பெடலில் செருகிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் நாலும் பிளாஸ்டிக்கில் போடுங்கள். உலோகம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அரை இன்ச் ஸ்பேனர் கிட்டார் பையிலேயே இருக்கட்டும். மலிவு சாக்கெட்டுகளில் சிலவற்றின் மரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும், மற்றவற்றில் 3/8 இன்ச். ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறாது. சாக்கெட் வாங்கும்போதே நாலு நட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள்.