அம்மாவின் தலைசுற்றலும் ஃபைலில் இருந்த நான்கு சொற்களும்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் மனதை விட்டுப் போகாதது ஒரு மருத்துவமனை ஃபைல்தான். அதன் முதல் பக்கத்தில் ‘பினைன் பராக்சிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ’ என்று அச்சாகியிருந்தது. அப்படியென்றால் என்ன என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

படுக்கையில் புரண்டால் அம்மாவுக்கு அறையே சுற்றியது. டோக்கன், காத்திருப்பு, ஸ்கேன், மறுபடி காத்திருப்பு எல்லாம் வழக்கம்போல். கடைசியில் டாக்டர் “பயப்பட ஒண்ணுமில்லம்மா” என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் ‘பினைன்’ என்ற சொல்லை அம்மா ஏற்கெனவே கேட்டிருக்கிறார். பெரியம்மாவின் கட்டியைப் பற்றிப் பேசும்போது வந்த சொல் அது. ஆகவே தனக்கு மூளையில் கட்டி என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நான் வந்து இறங்கும்வரை என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. ராத்திரி தூக்கமில்லாமல், தலையை அசைக்கவே பயந்து, உட்கார்ந்தபடியே கிடந்திருக்கிறார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று இருந்தது. வித்தியாசமாக எதுவும் கண்ணில் படவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்பதை டாக்டர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். அம்மாவோ, எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். பழைய ரத்த அழுத்தச் சீட்டில் இருந்த ‘எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’ என்பதையும் அன்றுதான் கேட்டார். இன்ன காரணம் என்று தனியாகச் சுட்ட முடியாத, பெரும்பாலோருக்கு வருகிற சாதாரண ரத்தக் கொதிப்பு, அவ்வளவுதான். இத்தனை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாதே!

நான் இருக்கும் இங்கிலாந்தில், வெளிநோயாளியைப் பார்த்த டாக்டர் தன் கடிதத்தை நோயாளிக்கே, அவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று 2018-இல் ராயல் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லோரும் அப்படி எழுதுவதில்லை என்பது வேறு விஷயம். அங்கே காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். ஊரில் அன்றைக்கே நிபுணர், அன்றைக்கே ஸ்கேன். இவ்வளவு வேகமாக எல்லாம் நடக்கிற இடத்தில் விளக்கிச் சொல்ல மட்டும் ஆளில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். என் சின்ன வயதில் எங்களைப் பார்த்த டாக்டர் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி நோயைச் சொல்வார். அந்தரங்கம் என்பதே கிடையாது. ஆனாலும் வெளியே வரும்போது நமக்கு என்ன வந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவை மறுபடி அதே மருத்துவமனைக்கே கூட்டிக்கொண்டு போனேன். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் பிரிவில் இருந்த இளம்பெண்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்சம் மணல் கிடக்கும் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். “உங்க காதுக்குள்ள இந்த மாதிரி சின்னச் சின்னத் துகள் இருக்கும்மா. எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு அது இடம் மாறிப் போயிருக்கு. மூளையில ஒண்ணும் இல்ல.”

உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் பகுதியில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பிய்ந்து, திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உருளும். நாம் அசையாவிட்டாலும் சுற்றுகிறோம் என்று மூளைக்குத் தப்பான செய்தி போகும். ‘பினைன்’ என்றால் உயிருக்கு ஆபத்தில்லாதது. ‘பராக்சிஸ்மல்’ என்றால் திடீரென்று வந்து போவது. ‘பொசிஷனல்’ என்றால் தலை இருக்கும் நிலையைப் பொறுத்தது. வெர்டிகோ சுற்றல். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சர்வ சாதாரணமாக வருவது. இந்தத் துகள்கள் ஸ்கேனில் தெரியாது, மாத்திரை அவற்றை நகர்த்தாது.

அப்புறம் அவர் அம்மாவின் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு அம்மாவின் கண்மணிகள் சுழன்று சுழன்று துடித்ததை நானே பார்த்தேன். “சுத்தும்மா, இப்ப நின்னுடும், என் கையைப் பிடிச்சுக்கோங்க.” நின்றது. தலையை மறுபக்கம் திருப்பினார், அப்படியே ஒருக்களித்துப் படுக்க வைத்தார், மெதுவாக எழுப்பி உட்கார வைத்தார். எப்லி முறை என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்த ஜான் எப்லி என்ற டாக்டர் கண்டுபிடித்தது. முதலில் சக மருத்துவர்களே நம்பவில்லையாம். 1992-இல் அவருடைய கட்டுரை வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. துகள்களை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் இதன் சூட்சுமம். கழுத்துப் பிரச்சினை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டுதான் அவர் ஆரம்பித்தார். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் அதோடு விடவில்லை. எல்லாச் சுற்றலும் இதுவல்ல என்பதையும் அம்மாவிடம் சொன்னார். இது ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சுற்றல் மணிக்கணக்கில் நீடித்து, காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து, காது மந்தமானால் அது மெனியர் நோயாக இருக்கலாம். அது இந்த அளவுக்குச் சாதாரணமில்லை. அதைவிட அரிதாக, உள்காதின் மேல்குழாயை மூடிய எலும்பில் ஓட்டை விழுந்து, பலத்த சத்தம் கேட்டாலே தலை சுற்றும். சிலருக்குத் தங்கள் கண் அசையும் ஒலிகூடக் காதில் கேட்குமாம். 1998-இல்தான் இதை மருத்துவ உலகம் அடையாளம் கண்டது.

பேச்சுக் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் ஒரு பக்கம் இழுத்தால், நிற்கவே முடியாமல் தள்ளாடினால் துகளைப் பற்றியெல்லாம் யோசிக்கக் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். இவ்வளவையும் அந்தப் பெண் ஃபைலின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். இந்தச் சுற்றல் திரும்ப வரக்கூடியது, வந்தால் மாத்திரையைத் தேடாமல் நேராகத் தன்னிடமே வரச் சொன்னார்.